பதினெட்டாம் வருஷ மாலை

கார்த்திகை 1, சனி

விடிவதற்கு முன் பச்சைத் தண்ணீரில் குளித்து மாலை போட்டாயிற்று. இது பதினெட்டாவது வருஷம். பதினெட்டு முடிக்கிறவன் தென்னங்கன்று சுமந்து மலை ஏறுவான். இறங்கி வரும்போது அவனும் ஒரு குருசாமி. கோவில்பட்டி பைபாஸில் பஞ்சர் ஒட்டுகிற வெயிலுமுத்து, இனி வெயிலுமுத்து குருசாமி. நினைத்தால் எனக்கே சிரிப்பாக வருகிறது.

எங்கள் ஆவுடையப்பன் குருசாமி முதல் வருஷமே ஒரு நோட்டைக் கொடுத்து, "மனசுல ஓடுறத எழுதி வைல, அப்பதான் அது ஓடாம நிக்கும்" என்றார். அன்றிலிருந்து மாலை கிடக்கிற நாளெல்லாம் எழுதுகிறேன். மாலையைக் கழற்றியதும் நோட்டு பரணுக்குப் போய்விடும். மற்ற நாட்களில் எழுதுவதற்கு அப்படி என்ன இருக்கிறது.

என் வீட்டுக்காரி தங்கபுஷ்பம் வாசல் தெளித்து, விளக்கேற்றி, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி கேசரி கிண்டினாள். "இந்த அறுபது நாளுதான் எனக்கு வருசமே" என்றாள். அவளுக்கு எதையாவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

கார்த்திகை 4, செவ்வாய்

நாலு லாரி, ஒரு டிராக்டர். வெறுங்காலோடு தார் ரோட்டில் நின்று டயர் கழற்றுவது லேசுப்பட்ட காரியம் இல்லை.

"உலகுக்கு ஒரு போன் போடுங்களேன்" என்று தங்கபுஷ்பம் நச்சரிக்கிறாள். உலகம்மாள் என் தங்கச்சி. எனக்கும் அவளுக்கும் பதினேழு வயது வித்தியாசம். தோளில் தூக்கி வளர்த்தவன் நான். கயத்தாற்றில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை செந்தூர்பாண்டி மஸ்கட்டில் எலக்ட்ரீசியன். ஏழாம் மாதம் என்று போன மாதம், ஐப்பசியில் வளைகாப்பு நடந்தது. அங்கே அவள் மாமியார் சண்முகவடிவு அத்தைக்கும் எனக்கும் கொஞ்சம் வாய்ப்பேச்சு ஆகிவிட்டது. அவ்வளவுதான். எந்த வீட்டில் இல்லை. போன் போட்டால் அந்த அம்மாதான் எடுக்கும், அதனால் போடவில்லை.

கார்த்திகை 6, வியாழன்

காலை பத்து மணிக்குச் சண்முகவடிவு அத்தையே போன் போட்டது. நான் கொஞ்சம் முறுக்கிக்கொண்டுதான் எடுத்தேன். "உலகுக்கு ஜன்னி வந்துட்டு. திருநவேலி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டாந்திருக்கோம். வயித்தக் கிழிச்சுப் புள்ளைய எடுத்துட்டாவ" என்று சொல்லிவிட்டு, அதற்குமேல் பேச முடியாமல் என் மனைவியிடம் கொடுக்கச் சொன்னது.

பெண் குழந்தை. ஒரு கிலோ நூற்றைம்பது கிராம். நான் கடையில் வைத்திருக்கிற பெரிய ஸ்பேனர் அதைவிட எடை இருக்கும். உலகுக்குப் பிரஷர் இருநூறைத் தாண்டி, கை கால் வெட்டி, நினைவு தப்பியிருக்கிறது. அவள் ஒரு கட்டிடத்தில், குழந்தை இன்னொரு கட்டிடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள்.

பஸ் ஏறுவதற்கு முன் குருசாமிக்குப் போன் போட்டேன். "புள்ளப்பேறு தீட்டுல. பதினாறு நாளைக்கு அந்தப் பக்கமே போவாத. பதினெட்டாம் வருசம், பாத்துக்க" என்றார். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போனால் என்ன, வாசல் ரோடுதானே. ரோட்டுக்கு ஏது தீட்டு.

கார்த்திகை 7, வெள்ளி

கேட்டுக்கு வெளியே புங்கமரத்தடியில் நிற்கிறேன். கறுப்பு வேட்டியும் தாடியுமாக நிற்பதால், வருகிற போகிறவர்கள் எல்லாம் "சாமி சரணம்" சொல்லிவிட்டு வழி கேட்கிறார்கள். ஸ்கேன் எங்கே, எக்ஸ்ரே எங்கே என்று எனக்கு இப்போது மனப்பாடம். உள்ளே போகாமலேயே.

அத்தை சீட்டைக் கம்பி வழியாக நீட்டும். நான் மருந்து, பஞ்சு, வெந்நீர், இட்லி என்று வாங்கிக் கம்பி வழியாகத் திரும்ப நீட்டுவேன். என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. என் மாலையைப் பார்த்துத்தான் பேசுகிறது. "சாமி, பிளாஸ்க்குல சுடுதண்ணி." சரி, பேசுகிறதே.

பக்கத்தில் நின்ற ஒரு கிழவர் எத்தனை மாதம் என்று கேட்டார். "ஏழு பொழைக்கும், எட்டு பொழைக்காதும்பாங்க" என்றார். அத்தை கம்பிக்கு உள்ளேயிருந்து, "ஏழுதான்! ஏழேதான்!" என்று கத்தியது. எண்ணிப் பார்த்தால் ஏழு முடிந்து எட்டு தொடங்கி நாலு நாள். நானும், "ஆமா, ஏழு" என்றேன். அத்தையும் நானும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது இதுதான் முதல் தடவை.

கார்த்திகை 9, ஞாயிறு

உலகு கண் விழித்துவிட்டாள். "புள்ளை எங்க" என்றுதான் கேட்டாளாம். என்னைக் கேட்கவில்லை.

கார்த்திகை 11, செவ்வாய்

இன்று உள்ளே போய்விட்டேன். பால் கொண்டு போவதற்காகத்தான்.

உலகு எழுந்து நடக்க முடியாது; தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்துக் காய்ச்சல் அடிக்கிறது. ஆனால் பால் சுரக்க ஆரம்பித்துவிட்டது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பீய்ச்சி, சின்ன மூடிக்கிண்ணத்தில் எடுத்து, குழந்தை இருக்கிற கட்டிடத்துக்குச் சூடு ஆறுவதற்குள் கொண்டு போக வேண்டும். நடுவில் மாடிப்படி இரண்டு, ஒரு நீளத் தாழ்வாரம். அத்தைக்கு முழங்கால் வலி. நேற்று படியில் தடுமாறி, கிண்ணம் கவிழ்ந்துவிட்டது. அரை மணி நேரம் வலியைப் பொறுத்துக்கொண்டு உலகு பீய்ச்சின பால் அது. அத்தை கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று மாராப்பால் முகத்தை மூடிக்கொண்டது.

பாலில் என்ன தீட்டு? பாலாபிஷேகம் செய்கிறோமே. இன்று அடுத்த நடைக்குக் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போய், "கொண்டாங்க அத்தை" என்று கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். உள்ளங்கையில் அதன் சூடு தெரிந்தது. பதினேழு வருஷம் இருமுடி தூக்கியிருக்கிறேன். இவ்வளவு கவனமாக எதையும் தூக்கினது கிடையாது.

வாங்கிக்கொண்ட நர்ஸம்மா பெயர் ஜெசிந்தா. ஐந்தடி இருக்கும், குரல் பத்தடி. என் நகத்தைப் பார்த்து, "அண்ணாச்சி, இது என்ன கரி? கிண்ணத்தப் பிடிக்க கையா இது? முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க" என்று விரட்டியது. இருபது வருஷத்து கிரீஸ் அம்மா, போகாது என்றேன். மூன்று தடவை கழுவ வைத்தது. பாதி போய்விட்டது.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மூக்கில் குழாய், வாயில் குழாய், காலில் ஒயர். தோல் செக்கச்செவேல் என்று, உள்ளே ஓடுகிற நரம்பு தெரிகிறது. உலகு பிறந்தபோது எனக்குப் பதினேழு. அவள் மொழுக்கென்று இருந்தாள். இது அப்படியே அவள் மூக்கு.

கார்த்திகை 14, வெள்ளி

பால் எட்டு நடை. எடை ஒரு கிலோ எண்பதுக்கு இறங்கிவிட்டது. முதலில் இறங்கித்தான் ஏறும் என்று ஜெசிந்தா சொன்னது. இருக்கலாம். எனக்கு மதியச் சோறு இறங்கவில்லை.

கார்த்திகை 16, ஞாயிறு

இன்று ஒரு இக்கட்டு.

ஜெசிந்தா அத்தையையும் தங்கபுஷ்பத்தையும் என்னையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசியது. மூக்குக் குழாய் எடுத்துவிட்டார்களாம். இனிமேல் குழந்தைக்குத் தேவை மனுஷச் சூடு. சட்டை இல்லாத நெஞ்சில், வெறும் உடம்போடு குழந்தையைக் குப்புறப் போட்டு, துணியால் சேர்த்துக் கட்டிக்கொண்டு மணிக்கணக்காக உட்கார வேண்டும். கங்காரு முறை என்று பெயர். அப்படிச் செய்தால் மூச்சு சீராகும், எடை ஏறும்.

"அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டபாடில்ல, சீழ் இருக்கு. அவங்க இப்ப முடியாது. வேற யாரு?"

அத்தை முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தது. எழுந்ததும் இருமல் வந்துவிட்டது. ஒரு மாதமாக இருக்கிற இருமல். ஜெசிந்தா தலையை ஆட்டிவிட்டது. தங்கபுஷ்பம், "நான் இருக்கேன்" என்றாள். கழுத்துக்குக் கீழே படர்தாமரை. அதுவும் ஆகாது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆம்பளைக்கெல்லாம் இது..." என்றேன்.

"ஆம்பளைக்கு நெஞ்சு இல்லியா? பீடி உண்டா? தண்ணி உண்டா?"

"மாலை போட்டிருக்கேம்மா."

"அப்போ ரெண்டும் இல்ல. நல்லதாப் போச்சு."

"தீட்டு இருக்கு சிஸ்டர். பதினாறு நாள். இன்னும் ஆறு நாள் பொறுத்தா..."

"உங்க தீட்டு எனக்குத் தெரியாது அண்ணாச்சி, நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போறவ. அந்தப் புள்ளைக்கு ஆறு நாளுங்கறது ஆறு வருசம். அத மட்டும் சொல்லுதேன்."

எழுந்து வெளியே வந்து குருசாமிக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் சொன்னார்: "தொடணும்னா மாலையோட தொடக் கூடாது. பதினெட்டாம் வருசம்ல. நல்லா யோசி."

"யோசிச்சாச்சு சாமி."

"பொறவு எதுக்குக் கேக்க?"

"மறுபடி ஒண்ணுல இருந்தா சாமி?"

"அத அய்யப்பன்ட்ட கேளு" என்று வைத்துவிட்டார். கோபமா, வருத்தமா, தெரியவில்லை.

உண்மையில் நான் யோசித்தது தென்னங்கன்றைப் பற்றி இல்லை. வேறு ஒன்று. அதை எழுதத் தேவையில்லை.

கார்த்திகை 17, திங்கள்

மாலையை அம்மா கையால் கழற்ற வேண்டும், இல்லையென்றால் குருசாமி கையால். அம்மா போய்ப் பத்து வருஷம் ஆகிறது. குருசாமி போனை வைத்துவிட்டார். உலகிடம் போனேன்.

வளைகாப்புக்குப் பிறகு இன்றுதான் அவளை நேரில் பார்க்கிறேன். முகம் வீங்கி, உதடு வெடித்து, கையில் ஊசி சொருகி, பாதி ஆளாகக் கிடந்தாள். நான் வாங்கி வந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தபடி விஷயத்தைச் சொன்னேன். மேலே சுற்றுகிற விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கழட்டிட்டு என்ன செய்வ?"

"புள்ளைய வச்சுக்கிடுவேன்."

"அதக் கேக்கல. சாயங்காலம் என்ன செய்வ?"

பொட்டலத்தின் நூல் சிக்கிக்கொண்டது. அதைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, மாலைதான் உன்னப் பிடிச்சு வச்சிருக்கு. எனக்குத் தெரியும். மதினிக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். வருசம் பூரா அவ இந்த ரெண்டு மாசத்துக்குத்தான் காத்துக் கெடக்கா. இதையும் கழட்டிப் போட்டா நீ என்ன ஆவ?"

எனக்குச் சுரீர் என்றது. படுத்த படுக்கையில் கிடக்கிறவள் பேசுகிற பேச்சா இது என்று கோபம்கூட வந்தது. ஆனால் அவள் கண்ணில் தண்ணீர் வழிந்து காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. துடைக்கத் தெம்பில்லை. நான்தான் என் துண்டால் துடைத்துவிட்டேன்.

"தெரியல உலகு. சத்தியமாத் தெரியல" என்றேன்.

"குனி" என்றாள். ஊசி சொருகின கையைத் தூக்கிக் கழற்றினாள். துளசி மணி தாடியில் மாட்டிக்கொண்டு இழுத்தது. "பொறுமையா எடு தாயே" என்றேன். அதற்குச் சிரித்தாள். சின்ன வயதில் என் தோளில் உட்கார்ந்து முடியைப் பிடித்து இழுத்துவிட்டுச் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு.

ஆஸ்பத்திரி வாசல் பிள்ளையார் கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டு, எதிரே சலூனில் தாடியை எடுத்தேன். நகத்தையும் ஒட்ட வெட்டிக்கொண்டேன்.

கார்த்திகை 18, செவ்வாய்

மாலை இல்லாமல் இந்த நோட்டில் எழுதுவது இதுதான் முதல் தடவை. ஏன் எழுதுகிறேன் என்று கேட்டால், தெரியாது.

காலை ஏழரை மணிக்கு முறை. திரை போட்ட மூலையில் சாய்வு நாற்காலி. சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். ஜெசிந்தாவோடு இன்னொரு நர்ஸும் நிற்க, நாற்பத்து நாலு வயதில் தொப்பையைக் காட்டிக்கொண்டு உட்கார வெட்கம் பிடுங்கித் தின்றது. "வயித்த உள்ள இழுக்காண்டாம் அண்ணாச்சி. எங்களுக்கு நெஞ்சுதான் வேணும்" என்றது ஜெசிந்தா.

அதன்பிறகு குழந்தையைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

எடையே தெரியவில்லை. ஒரு ஈரச் சூடு மட்டும் தெரிந்தது. தலையில் குல்லா, இடுப்பில் கைக்குட்டை அளவு துணி. கன்னத்தை என் நெஞ்சுக்குழியில் வைத்து ஒரு பெருமூச்சு விட்டது. அத்தனை சின்ன உடம்பில் அவ்வளவு பெரிய மூச்சு. விரல் ஐந்தும் என் நெஞ்சு முடியைப் பிடித்துக்கொண்டது. அசையாமல் உட்கார்ந்தேன். மூக்கு அரித்தது, சொரியவில்லை. மூன்று மணி நேரம். கால் மரத்தது, இடுப்பு கடுத்தது, எனக்கு எழவே மனசில்லை.

பத்து வயதுக்குள்ளே மலைக்கு வருகிற பெண் குழந்தைகளை நாங்கள் மாளிகப்புறம் என்று கூப்பிடுவோம். யாருக்கும் கேட்காமல், "ஏ மாளிகப்புறம்" என்று கூப்பிட்டேன். காலால் என்னை உதைத்தது. மரியாதை தெரியாத கழுதை, அப்படியே அவள் அம்மா.

கார்த்திகை 20, வியாழன்

காலை மூன்று மணி நேரம், மதியம் இரண்டு, சாயங்காலம் மூன்று. ஏழு மணிக்கு முடிகிறது. ஒரு கிலோ நூற்றிருபது. அத்தை கேட்டவுடன் கன்னத்தில் போட்டுக்கொண்டது. இன்று முதல் என்னைப் பார்த்து, "முத்து, சாப்பிட்டியா?" என்றது. "இட்லி தின்னுட்டேன் அத்தை" என்றேன்.

 

கார்த்திகை 23, ஞாயிறு

மத்தியானம் நெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை மூச்சை நிறுத்திவிட்டது.

சொல்லி எழுத முடியவில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: நெஞ்சில் சிலுசிலுவென்று ஊர்கிற மூச்சு, அதை ஐந்து நாளாக நான் எண்ணிக்கொண்டே இருக்கிறேன், அது இல்லை. உதடு நீலம் பாய்ந்தது. மிஷின் கத்துவதற்குள் நான் கத்திவிட்டேன். ஜெசிந்தா ஓடி வந்து உள்ளங்காலைச் சுண்டியது. ஒன்று, இரண்டு, மூன்று. வீல் என்று ஒரு சத்தம். மூச்சு வந்துவிட்டது.

"மாசம் தெகையாத புள்ளைங்க அப்பப்ப மறந்துரும் அண்ணாச்சி. நீங்க உடனே பாத்துட்டிய. அதான் பெருசு" என்றது. குழந்தையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குத் திரும்ப வரச் சொன்னார்கள்.

வெளியே வந்தேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சும்மா நடந்தேன். அங்கே ஒரு கடை இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா என்ன. ஞாயிற்றுக்கிழமை, கூட்டம். நானும் நின்றேன். முன்னால் நாலு பேர், மூன்று பேர், இரண்டு பேர். முன்னால் நின்றவன் திரும்பித் தீப்பெட்டி கேட்டான். அவன் வாயிலிருந்து வந்த வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. இந்த வாடையோடு ஐந்து மணிக்கு உட்கார முடியாதே என்று தோன்றியது. அந்த வாடையில்தான் அது மூச்சு இழுக்க வேண்டும்.

வரிசையிலிருந்து வெளியே வந்து, சோடாக் கடையில் பன்னீர் சோடா இரண்டு சாப்பிட்டுவிட்டு நாலரைக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். "ஏன் இவ்வளவு சீக்கிரம்?" என்றது ஜெசிந்தா. வெயில் என்றேன். வெளியே தூறிக்கொண்டிருந்தது.

கார்த்திகை 25, செவ்வாய்

ஒரு கிலோ இருநூறு! தங்கபுஷ்பம் எல்லோருக்கும் முறுக்கு கொண்டுவந்து கொடுத்தாள்.

கார்த்திகை 28, வெள்ளி

டாக்டரம்மா ரவுண்ட்ஸ் முடித்துக் கை கழுவும்போது தனியாகப் பிடித்தேன்.

"ஒரு சந்தேகம் டாக்டர். ஒருத்தன் தங்கச்சி வளைகாப்புக்கு ஒரு மாதிரியா வந்து, சபை நடுவுல சத்தம் போட்டு, சீர்த்தட்டத் தட்டி விட்டு, சம்பந்தியம்மாவ வாய்க்கு வந்தபடி பேசி, தங்கச்சி அழுது மயங்குற அளவுக்கு ஆக்கிட்டான்னு வைங்க. அதனால அவளுக்குப் பிரஷர் ஏறி இப்படி ஆகுமா?"

ஒருத்தன் என்றுதான் கேட்டேன்.

டாக்டரம்மா டவலில் கையைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தது. "நஞ்சுக்கொடி கர்ப்பப்பையில சரியாப் பதியாததால வர்ற வியாதி இது. மூணாம் மாசத்துக்கு முன்னாலேயே ஆரம்பிச்சிரும். யாரோட சத்தத்தாலயும் வராது."

"நெசமாவா?"

"நெசமா. அந்த ஒருத்தன் செஞ்சது நல்ல காரியம்னு நான் சொல்லல. இந்தக் காரியத்துக்கு அது காரணம் இல்ல." போவதற்கு முன் நின்று, "தெனமும் எட்டு மணி நேரம் உக்காந்திருக்காரே, அவர்தானா அந்த ஒருத்தன்?" என்று கேட்டது.

தாழ்வாரத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் குழந்தை போய்விட்டதோ என்று பார்த்தார்கள். இருபத்திரண்டு நாளாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல். இதை இங்கே எழுதினது இல்லை.

மார்கழி 2, செவ்வாய்

செந்தூர்பாண்டி மஸ்கட்டிலிருந்து வந்துவிட்டான். பதினைந்து நாள் லீவு. விமானத்திலிருந்து நேராக ஆஸ்பத்திரி. உலகும் இன்று தள்ளுவண்டியில் வந்து குழந்தையைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் விட்டு நாலு நாள் ஆகிறது. இன்னும் ஒரு வாரத்தில் அவளே நெஞ்சில் போட்டுக்கொள்ளலாமாம். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, அந்தக் குல்லாவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நான்தான் மாப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தேன். "தலைய ஒரு பக்கமாத் திருப்பி வைங்க மாப்ளே. தாடை கீழ அமுங்கப் புடாது. காலு தவளை மாதிரி மடங்கி இருக்கணும்." என் நெஞ்சிலிருந்து எடுத்து அவன் நெஞ்சில் வைத்தேன். எடுத்த இடம் சில்லென்று ஆகிவிட்டது. "மச்சான், பக்கத்துலயே இருங்க" என்றான்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. பெற்ற தகப்பன், அவனுக்கில்லாத உரிமையா. நாளைக்கு முழுக்க அவனே வைத்துக்கொள்ளட்டும் என்று ஜெசிந்தா சொல்லிவிட்டது. எனக்கு ஓய்வாம்.

மார்கழி 3, புதன்

எழுதக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

காலையில் ஏழரைக்குப் போய் நின்றேன். உள்ளே செந்தூர்பாண்டி உட்கார்ந்திருந்தான். பால் கொண்டு போகக்கூட என்னைத் தேடவில்லை. அதையும் அவனே கொண்டு போய்விட்டான். தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். எட்டு. ஒன்பது. பத்து. கோவில்பட்டிக்குப் போய்க் கடையைத் திறக்கலாம். தங்கபுஷ்பம் தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போயிருப்பாள். பஸ் ஸ்டாண்டு வழியாகத்தான் போக வேண்டும். பையில் கை வைத்துப் பார்த்தேன். கழுத்தில் ஒன்றும் இல்லை. முறையும் இல்லை. வாடை அடித்தாலும் கேட்க ஆள் இல்லை.

அத்தை பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்து புளிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தது. என்னைத் திட்ட உலகத்தில் முதல் உரிமை உள்ள மனுஷி. நகர்ந்து பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அத்தை. இன்னைக்கு எனக்கு முறை இல்ல."

"தெரியும். அவன் உள்ள இருக்கான்லா."

"காலையில இருந்து எனக்கு வேற நெனப்பே இல்ல அத்தை. இந்தப் பெஞ்ச விட்டு எந்திரிச்சா நேரா கடைக்குத்தான் போவேன். குடிச்சிருவேன். எனக்குப் பயமா இருக்கு."

இந்த வார்த்தையை வாழ்க்கையில் நான் யாரிடமும் சொன்னதில்லை. குடித்துவிட்டுக் கிடந்தபோதுகூட, 'லேசா' என்பேன், 'மேலு வலி' என்பேன். தங்கபுஷ்பத்திடம் சொன்னதில்லை. பதினேழு வருஷத்து நோட்டில் ஒரு பக்கத்தில்கூடக் கிடையாது.

அத்தை கையில் எடுத்த சோற்றை வாளியிலேயே போட்டு மூடியை அழுத்தி மூடியது. இப்போது விழப் போகிறது வசவு என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"எங்க வீட்டுக்காரரும் இதுலதான் போனாரு" என்றது. "செந்தூர்பாண்டிக்கு அப்ப ஒம்போது வயசு. நல்ல மனுசன். கடைசி வரைக்கும் ஒரு நாளாவது எங்கிட்ட வந்து, வடிவு, எனக்குப் பயமா இருக்குன்னு சொல்லிருந்தா, நான் அவர எங்கயும் விட்டிருக்க மாட்டேன். கையப் பிடிச்சுக் கட்டிலோட கட்டிப் போட்டிருப்பேன். சொல்லவே இல்ல மனுசன்."

வளைகாப்பில் அந்த அம்மா என்னைப் பார்த்துக் கத்தினது எல்லாம் வேறு மாதிரியாக இப்போது காதில் விழுந்தது.

"அத்தை, அன்னைக்கு நான்..."

"அத அப்புறம் பேசுவோம். நான் மறக்கல. எந்திரி."

"எங்க?"

"புள்ளத் துணி ஒரு பை கெடக்கு. எனக்கு முழங்காலு மடங்க மாட்டேங்கு. அலசணும். வா."

குழாயடிக்கு என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனது. நாற்பத்து நாலு வயது ஆளை, ஆஸ்பத்திரி முழுக்கப் பார்க்க. கல்லில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு துணியாக எடுத்துக் கொடுத்தது. குல்லா, காலுறை, கைக்குட்டை மாதிரி இடுப்புத் துணி பதினெட்டு. சோப்புப் போட்டேன். "பத்தல, இன்னொரு தடவ" என்றது. இன்னொரு தடவை போட்டேன். காயப் போட்டோம். காய்கிற வரைக்கும் காவல் இருந்தோம். காய்ந்ததை மடித்தோம். மடித்தது சரியில்லை என்று மறுபடி பிரித்து மடிக்க வைத்தது. மதியம் அதன் வாளியிலிருந்து பாதிச் சோற்றை எனக்குப் போட்டது. ஒண்ணுக்குப் போனபோதுகூடக் கதவுக்கு வெளியே வந்து நின்று இருமிக்கொண்டிருந்தது.

ஐந்து மணிக்கு ஜெசிந்தா திரையை விலக்கிக்கொண்டு வந்து, "அண்ணாச்சி, புள்ளையோட அப்பாவுக்கு முதுகு பிடிச்சுக்கிட்டு. சாயங்கால முறைக்கு நீங்க வாரியளா?" என்று கேட்டது. அத்தை குனிந்து என் முகத்துக்குப் பக்கத்தில் வந்து, சும்மா பேசுகிற மாதிரி ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தது. பிறகு, "வருவான். கை கழுவிட்டு வருவான்" என்றது.

ஒரு கிலோ நானூற்றெண்பது. அடுத்த வாரம் அம்மா பக்கத்திலேயே படுக்க வைக்கலாமாம். பத்து நாளில் வீட்டுக்குப் போகலாமாம். நெஞ்சில் வைத்ததும் பழைய இடத்தைத் தேடிக் கன்னத்தை வைத்துக்கொண்டது. ஏழு மணி வரைக்கும் இருந்தேன். வெளியே வந்தபோது அத்தை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தது. தங்கபுஷ்பத்துக்குப் போன் போட்டு, அத்தையிடம் சொன்னதையே அவளிடமும் சொன்னேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "நாளைக்குக் காலையில நானும் வாரேன்" என்றாள்.

இன்றைக்கு நான் குடிக்கவில்லை.